என் பாடத்தில் நானே மாட்டிக்கொண்டேன்

என் செல்ல வாயாடிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அவர் முழங்கால் மட்டும் எங்களோடு கோபித்துக்கொண்டிருக்கிறது, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஒழுங்காகத் தூங்குகிறாயா என்று எழுது. இரண்டு வருஷமாக நான் மாரடித்துக்கொண்டிருந்தேனே அந்தப் பாடம், அணுப் பொருள்கள் தப்பான கைக்குப் போகாமல் காப்பது எப்படி என்று பல்கலைக்கழகத்துக்காக எழுதினேனே, அது பாஸாகிவிட்டதடி! எப்படி என்று கேட்டால் சிரிப்பாய்.

மாதிரி வகுப்பைப் பார்ப்போம், பிடிக்கவில்லையென்றால் மொத்தமும் குப்பைக்குத்தான் என்று பாடத்திட்டக் குழுத் தலைவர் முன்பே சொல்லியிருந்தார், அன்றைக்குக் கடைசி வரிசையில் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். பயிற்சி இதுதான், மேசைமேல் இருக்கும் டப்பாவைக் கதிர்வீச்சுப் பொருள் என்று வைத்துக்கொண்டு மாணவர்கள் காக்க வேண்டும், வெளியே போகிறவர் யாரானாலும் பையைத் திறந்து காட்ட வேண்டும். டப்பா வேறொன்றுமில்லை, என் சாப்பாட்டு டப்பாவின் ஜோடி. எச்சரிக்கைச் சின்னத்தை ஒட்டிக் கொடுத்தவர் உன் அப்பா, மூடியில் பசை நிற்கவில்லை என்று அடியில் ஒட்டிவிட்டார். பதற்றத்தில் எதை மேசையில் வைத்தேன், எதைப் பையில் விட்டேன் என்றே நான் பார்க்கவில்லை. நடுவில் தொண்டை காய்ந்துபோய்த் தண்ணீர் பிடிக்கப் பையோடு கிளம்பினேன். வாசலில் ஒரு பெண், வருஷம் முழுக்க வாயே திறக்காதவள், மௌனச்சாமி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், குறுக்கே கையை நீட்டி, பையைத் திறங்க மேடம் என்றாள். எனக்கேவா என்றேன். நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க, வாத்தியாருக்கும் விலக்கு இல்லைன்னு என்றாள், குரல் நடுங்கியது, கை மட்டும் இறங்கவில்லை. திறந்து புரட்டினால், ஐயோ, சின்னம் ஒட்டிய டப்பா! திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். திருடுவதற்கென்று நான் ரகசியமாக ஏற்பாடு செய்திருந்த மாணவன் திருதிருவென்று விழித்தான். தலைவர் எழுந்து வந்து மேசைமேல் இருந்ததைத் திறந்து பார்த்து, இவ்வளவு நேரம் மேடத்தோட சாப்பாட்டுக்கா காவல் இருந்தீங்க என்று கேட்டாரே பார்க்கணும், வகுப்பே அதிரச் சிரித்தது, அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிருக்கே, அது போதும், அடுத்த வருஷமே ஆரம்பிங்க என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் என் பின்னாலேயே வந்து, என்மேல கோபமா மேடம் என்று அழுதாள். கட்டிக்கொண்டு நானும் அழுதேன், சந்தோஷம் தாங்காமல்தான். உங்க பாடம் யார் மண்டையிலம்மா ஏறப்போகுது என்று போனில் கிண்டல் செய்தாயே, ஏறிவிட்டதடி.

நீ நன்றாக இரு, நினைத்ததெல்லாம் நடக்கட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அப்பா இப்போது தினமும் காலையில் வாசலை மறித்து நின்று, என் பையைத் திறந்து பார்த்த பிறகுதான் செருப்பையே மாட்ட விடுகிறார். லீவுக்கு நீ வந்தாலும் அதே கதிதான், பெட்டிச் சாவியைக் கையிலேயே வைத்திரு.

கையும் டப்பாவுமாகப் பிடிபட்ட
உன் அம்மா