கம்பியில் வந்த குரல்

அன்புள்ள அஞ்சலைக்கு,

நான் இங்கே சுகம். நீயும் அத்தையும் சுகமென்று நம்புகிறேன்.

நீ பேசும்போது குறுக்கே பேசுவேன் என்று கோபிப்பாயே, அந்தப் பழக்கம் போய்விட்டது. நான் வேலை பார்க்கும் பிரிக்பீல்ட்ஸ் ரயில் சிக்னல் கொட்டகையில் டெலிபோனில் முழுவதும் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கைகாட்டியை இறக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மழையில் மணி அடித்தது. பெண் குரல். "குறுக்கே பேசாம கேளுங்க. கிள்ளான் வண்டிய விடாதீங்க." அப்படியே திருப்பிச் சொன்னேன். "சரி" என்றது. வண்டியை நிறுத்தினேன். அப்பால் தண்டவாளத்தில் மரம் விழுந்து கிடந்ததாம்.

எல்லோரும் பாராட்டினார்கள். டெலிபோன் கம்பி பழுது பார்க்கும் வீராசாமி மட்டும், "காலையிலேயே கம்பி அறுந்துபோச்சுண்ணே. யாரு பேசியிருப்பா?" என்றான்.

பயப்பட ஒன்றுமில்லை. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. தபாலுக்கு நேரமாகிவிட்டது. சுகமாக இருப்பதாக உன் கையாலேயே ஒரு வரி எழுது, அஞ்சலை. அன்று டெலிபோனில் கேட்டது உன் குரல்.

சிங்காரம்