வலது கைக்கு ஒரு கிட்டார்

அண்ணா,

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் கட்டிலின் மேல் இருப்பது நீ ஆசைப்பட்ட எலெக்ட்ரிக் கிட்டார். என் சம்பளத்தில் வாங்கினேன், கோபப்படாதே.

கடையில் வெகுநேரம் சும்மாவே நின்றேன். "வாயைத் தொறந்து சொன்னாத்தானேம்மா எடுத்துக் காட்ட முடியும்?" என்று கடைக்காரர் சிரித்தார். "அண்ணனுக்கு. இடது கைப் பழக்கம்" என்றேன்.

இடது கைக்காரர்கள் வாசிக்கும் கிட்டாரை என் மடியில் வைத்தார். உன்னைப் போலவே பிடித்துப் பார்த்தேன். தந்திகளை அழுத்த வேண்டியது வலது கை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தை விட்டு நான் உன்னோடு வேலைக்கு வந்த அந்த அட்டைப்பெட்டி கம்பெனியில், என் சட்டைக் கையை இயந்திரம் இழுத்தபோது நீ உள்ளே விட்ட கை அது. நடுவிரலும் மோதிர விரலும் இல்லாத கை. தினமும் அதற்குக் கட்டு மாற்றிவிட்ட நானே மறந்துபோனேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்போ மாத்திப் பிடிக்கச் சொல்லும்மா. இடது கை அழுத்தட்டும். பிக்குன்னு இந்தச் சின்ன வில்லையைப் பிடிச்சு மீட்ட வலது கையில ரெண்டு விரல் போதும். முதல்ல எரிச்சலாத்தான் வரும்" என்று எல்லாரும் வாசிக்கிற கிட்டாரையே எடுத்துத் தந்தார்.

நீ வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை அண்ணா. ஒரே ஒரு தடவை என்னைத் திட்டிவிடு. "உன்னாலதான்டி போச்சு" என்று கத்திவிடு. "உனக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்று நீ சிரிக்கும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

உன் வாயில்லாப் பூச்சி