சால்டரிங் ஸ்டேஷன் போய்விட்டது

செவ்வாய், இரவு.

ஏலத் தளத்தில் சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் என் சால்டரிங் ஸ்டேஷனைப் போட்டது விற்பதற்காக இல்லை. கேட்க வருபவர்களின் நம்பரை வாங்கி, வீட்டிலிருந்தே எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கற்றுக்கொள்ளும் வீடியோ கோர்ஸை அவர்கள் தலையில் கட்டத்தான். முடிவதற்குள் ஏலத்தை நிறுத்துவது கோர்ஸில் என் கூட்டாளியான சுரேஷின் வேலை. அடையாறு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு மறந்துவிட்டான்.

ஏலம் எடுத்தவர் கே.கே. நகர்க்காரர். சாயங்காலம் நேராக மயிலாப்பூரில் என் ரூமுக்கே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, பொருள் ரெடியா கீதா?"

ஸ்டேஷன் ரிப்பேராகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மேஜையை எட்டிப் பார்த்தார்.

"லைட்டு எரிஞ்சிக்கினு கீதே."

வேறு வழியில்லை, கழற்றிக் கொடுத்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"இத்த எப்டி புடிக்கறதுன்னே தெரியாது நைனா. யார்னா வீடியோல சொல்லிக் குட்தா துட்டு குட்த்து பாப்பேன்."

இத்தனை நாளில் கோர்ஸ் வேண்டும் என்று தானாகக் கேட்ட முதல் ஆள். சுரேஷுக்கு போன் செய்தேன்.

"செம லீடு மச்சி. இப்பவே கோர்ஸை அனுப்பு."

எதை அனுப்புவது? நம்பர் சேர்ப்பதிலேயே நாள் போனது, ஒரு வீடியோகூட எடுக்கவில்லை. எடுப்பதாக இருந்ததே அந்த ஸ்டேஷனை வைத்துத்தான். சொன்னேன். அதற்கும் சுரேஷிடம் ஒரு யோசனை இருந்தது.

"அவர்கிட்டயே இரவல் கேளேன். நம்பர்தான் இருக்கே."

போனை வைத்துவிட்டேன்.