தெரியாமல் போட்ட கையொப்பத்தைத் திரும்பக் கேட்டு

அனுப்புநர்:
ம. சகாயராஜ்,
(மல்லாட்டை மண்டியில் எடை போடுபவர்)
சாலவனத்தூர், திண்டிவனம் வட்டம்.

பெறுநர்:
மறைவட்ட முதன்மைக் குரு அவர்கள்,
திண்டிவனம்.

பொருள்: 15.06.2025 திருவிழாத் திருப்பலியில் என் மகள் திருப்பாடல் பாடத் தடை – நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு,

1. வெட்கத்தோடு ஒன்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நான் எதிர்க்கும் தீர்மானத்தில் என் கையொப்பமும் இருக்கிறது. நேற்றுப் பங்குப் பேரவைக் கூட்டம் தொடங்குமுன் நீட்டிய தாளில், வருகைப் பதிவு என்று நினைத்து, கண்ணாடி இல்லாமல் போட்டுவிட்டேன். மண்டியில் கடலை மூட்டை அரைக் கிலோ குறைந்தாலும் கண்டுபிடிக்கும் ஆள் நான். பெற்ற மகளை ஒதுக்கும் தாளைப் படிக்கவில்லை.

2. என் மகள் மலர்விழி பிளஸ் ஒன் படிக்கிறாள். பேசினால் திக்கும், பாடினால் திக்காது. மூன்று வருடமாகத் திருப்பலியில் பதிலுரைத் திருப்பாடலை அவள்தான் பாடுகிறாள். வாரம் முழுக்க அவள் வாய் தடங்கலின்றித் திறப்பது அந்த ஐந்து நிமிடம்தான்.

3. பேரவைச் செயலர் திரு. ராஜ்குமார், ஆதித் திருச்சபையில் பெண்கள் சபையில் வாய் திறக்கவில்லை என்றும், இனிப் பதிவுசெய்த பாடலை ஸ்பீக்கரில் போடலாம் என்றும் கூறினார். உண்மைக் காரணம் அடுத்த வார்த்தையில் வந்தது: "பேரக் கேட்டாலே திக்கிக்கினு நிக்குது. பிஷப் வர்ற திருவிழா அன்னிக்கு இது மைக்குல நின்னு நம்ம மானத்த வாங்கணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். மலர்விழி கதவருகே நின்றிருந்தாள்.

4. நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் தவக்கால வகுப்பில் எங்கள் பங்குத்தந்தை சொன்னது நினைவிருக்கிறது. ஆதிக் கிறிஸ்தவர்களுக்குள்ளும் இதில் ஒத்த கருத்து இல்லையாம். இனிய குரலில் மயங்கி மனம் வார்த்தையை விட்டுவிடுமோ என்று சிலர் பயந்தார்களாம். பெண்கள் பாட வேண்டாம் என்றவர்களும் உண்டாம். ஆனால் ஆண், பெண், குழந்தை எல்லோரும் ஒரே வாயாகப் பாடுவதைப் போற்றியவர்களும் இருந்தார்களாம். செயலர் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். என் கட்டைக் குரலைக் கேட்டே இதுவரை கடவுள் எழுந்து போகவில்லை. மலர்விழி பாடினால் நிச்சயம் உட்கார்ந்திருப்பார்.

5. பங்குத்தந்தை கண் அறுவைக்காக விழுப்புரத்தில் இருக்கிறார். திருவிழா முடிந்தே வருவார். நேற்றிலிருந்து மகள் பாட்டுப் புத்தகத்தைத் தொடவில்லை. இந்த ஞாயிறு தவறினால் அவள் மறுபடி மைக் முன் நிற்கமாட்டாள் என்று அஞ்சுகிறேன்.

ஆகவே தந்தை அவர்கள் ஞாயிற்றுக்கு முன் அந்தத் தீர்மானத்தை நிறுத்திவைத்து, அன்றைக்குரிய எட்டாம் திருப்பாடலை மலர்விழியே பாட உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். இம்மனுவைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்த பிறகே கையொப்பமிடுகிறேன்.

இடம்: சாலவனத்தூர்
நாள்: 09.06.2025

இப்படிக்கு,
ம. சகாயராஜ்

பின்குறிப்பு: எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். எனக்கும் சிறு வயதிலிருந்தே திக்கும். அதை மறைக்கத்தான் எதற்கெடுத்தாலும் வேடிக்கை பேசுவேன். பிறகு பேச எழுந்து நின்றேன், பேச்சு முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. சொல்ல இருந்தது இவ்வளவுதான்: "அவ என் பொண்ணுங்க. அவளே பாடட்டும்."