யூவனுக்கு ஒரு பதில்

கூர்,
14.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையில் என் கையெழுத்தைக் கண்டால் பிரிக்காமலே அம்மாவிடம் நீட்டிவிடுவீர்களோ என்று பயந்து, முகவரியைப் பத்மநாதன் மாமாவைக் கொண்டு எழுதுவித்தேன். அடுத்த கிழமை அவர் யாழ்ப்பாணம் வருகிறார். உங்கள் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிரித்துவிட்டீர்கள் என்றால் முடியும்வரை வாசியுங்கள், அப்பா.

கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக அம்மா சொன்னார். அதனால் எழுத்துகளைப் பெரிதாக எழுதுகிறேன். சொட்டு மருந்தை ஆறு கிழமையும் தவறாமல் விடுங்கள். பார்வை தெளிந்துவிட்டது என்று இடையில் நிறுத்த வேண்டாம். அம்மாவின் முழங்காலுக்குக் களிம்பும், இரண்டு சோடி கம்பளிக் காலுறையும் மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் பேத்தி ஹரிஷாவுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. புதன்கிழமைகளில் இன்னும் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். அவள் கோபித்துக்கொண்டு வாயை இறுக்கி மூடும்போது, பார்த்தால் நீங்களேதான்.

என் கணவரைப் பற்றி எழுதத்தான் இதைத் தொடங்கினேன். யூவனுக்குச் சுகமில்லை. அம்மாவுக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் மறித்துவைத்திருந்தேன். நீங்கள் அதைக் கேட்டும் பேசாமல் இருந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

உதைபந்தாட்டத்தை விட்டபிறகு அவர் ஆள் ஏற்றும் அஞ்சல் பஸ் ஓட்டினார். கூரிலிருந்து மலைக்கு ஏறும் ஒரே பாதை, பதினான்கு வருடம். பங்குனி மாதம் ஒரு காலை, கூர்வால்டன் ஊருக்கு மேலே ஒரு வளைவில் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நின்றிருக்கிறார். உள்ளே பதினொரு பேர். ஒரு பெண் இறங்கிவந்து பஸ்ஸில் ஏதும் கோளாறா என்று கேட்டிருக்கிறார். மைதானம் எந்தப் பக்கம், மற்றப் பொடியன்கள் எல்லாரும் போய்விட்டார்களா என்று இவர் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் விசாரித்தாராம். நல்லவேளை, நிறுத்திவிட்டு இறங்கினார். அந்த வளைவுக்கு அப்பால் பள்ளம்.

அதன்பின் சூரிச்சில் எல்லாப் பரிசோதனையும் செய்தோம். மூளை சுருங்கிக்கொண்டு போகிறது என்றார்கள். இந்த மாதம்தான் நாற்பத்தொன்பது வயது ஆகிறது. படங்களைப் பார்த்த டொக்டர், எத்தனை வருடம் பந்தைத் தலையால் அடித்தீர்கள் என்று கேட்டார். “அதுதானே என்ரை வேலை,” என்றார் யூவன், சிரித்துக்கொண்டே. அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பின்கள வீரர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்று டொக்டர் சொன்னார்.

அவர் எப்படி விளையாடினார் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவரை எனக்கு முதலில் காட்டியதே நீங்கள்தான். 2003, மழைக்காலம், நீங்களும் அம்மாவும் இந்த நாட்டில் இருந்தபோது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவந்து, நித்திரையும் கொள்ளாமல் என்னையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனீர்கள். நீங்களும் ஊர்க் கழகத்தில் பின்னுக்கு நின்று விளையாடியவர். கோல் அடிப்பவரை எல்லாரும் பார்க்க, நீங்கள் மறுபக்கம் பார்ப்பீர்கள். “அந்த அஞ்சாம் நம்பரைப் பார் பிள்ளை. ஸ்கொட்லாந்துக்காரனாம். பந்து வாறதுக்கு முதலே அங்க நிக்கிறான்,” என்றீர்கள். நான் பார்த்தேன்.

அவருடைய முழுக் கதையும் உங்களுக்குத் தெரியாது. மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் பிறந்தவர். தகப்பன் பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பதினேழு வயதில் முதல் போட்டி. பத்து வருடத்தில் மூன்று கழகங்கள். ஒரேயொரு தடவை நாட்டின் அணிக்கு அழைத்திருக்கிறார்கள். தொண்ணூறு நிமிடமும் மாற்று வீரர்களின் வாங்கிலேயே இருந்துவிட்டு வந்தார். தகப்பன் ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் பயணம் செய்து, மகன் குந்தியிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினாராம். அங்கே அவர் ஆடிய கடைசிப் பருவத்தின் கடைசிப் போட்டியில், வெளியே தள்ள நினைத்துத் தலையால் அடித்த பந்து தங்கள் கோலுக்குள்ளேயே போய்விட்டது. கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. கடையில் பாண் வாங்கப் போனாலும் அதைப் பற்றியே கதைத்தார்களாம். அதனால்தான் இந்த நாட்டுக்கு, வில் என்ற நகரத்தின் கழகத்துக்கு வந்தார். இங்கே யாருக்கும் அது தெரியாது என்பதே அவருக்கு நிம்மதி.

வில்லில் ஆறு பருவம் ஆடினார். இரண்டாம் வருடம் புருவம் வெடித்து, நான் தாதிப் பயிற்சி செய்த மருத்துவமனைக்கு வந்தார். ஏழு தையல். தட்டை ஏந்திக்கொண்டு நின்றது நான். அப்படித்தான் தொடங்கியது. அதை நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பயிற்சியில் ஒரு பின்னேரத்துக்கு அறுபது பந்து தலையால் அடிப்பார்கள். மழையில் நனைந்த பந்து. வீட்டுக்கு வந்ததும் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்துவிடுவார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்பார். நான் ஈரத் துணி போட்டேன், சூப் வைத்துக் கொடுத்தேன். நான் ஒரு தாதி, அப்பா. மற்றவர்களின் பிள்ளைகள் விழுந்து தலையில் அடிபட்டு வந்தால் இரவு முழுக்க மணிக்கொரு தடவை எழுப்பிப் பார்ப்பேன். என் வீட்டில் அதைச் செய்யவில்லை.

இப்போது பெயர்கள் போகின்றன. ஹரிஷாவைச் சில நேரம் தன் தங்கை என்று நினைக்கிறார். ஜெர்மன் அநேகமாகப் போய்விட்டது. ஹரிஷா அழுவதில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுகிறாள்.

உங்களுக்கு எழுத வேண்டி வந்தது ஆடி மாதம் தொடங்கிய ஒரு விஷயத்தால். ஒரு காலை நான் வேலைக்கு வெளிக்கிட, அவர் குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு நின்றார். கல்யாணப் பந்தலுக்குப் போகிறவர் மாதிரி. எங்கே போகிறீர்கள் என்றேன். உன் அப்பா யோசித்து முடித்திருப்பார், போய்க் கேட்போம், என்றார்.

2006 சித்திரை மாதம் அவர் நம் வீட்டுக்கு வந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். ரயிலில் நான் சொல்லிக்கொடுத்த ஒரு வசனத்தை வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்தார். “மாமா, உங்கட மகளை நான் நல்லாப் பாத்துக்கொள்ளுவன்.” சொன்னார். நீங்கள் அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. டிவியைப் பார்த்தபடி, “விளையாட்டு வேற, வீடு வேற எண்டு அவனுக்குச் சொல்லு,” என்றீர்கள். அம்மா குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவர் படிக்கட்டில் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்கு யோசிக்கக் கொஞ்சக் காலம் வேண்டுமாம் என்றேன். அது என் பொய். பிறகு, நம் பக்கத்தில் ஒருவரும் வராத எங்கள் பதிவுத் திருமணத்தில், அவர் உண்மையைத் தானாகவே விளங்கிக்கொண்டார். ஒருநாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உங்களைப் பற்றியும் ஒரு குறை சொன்னதில்லை. நீங்கள் ஓய்வுபெற்று ஊருக்குப் போன அன்றைக்கு, சூரிச் விமான நிலையத்தில் தூரத்தில் நின்று நாங்கள் உங்களைப் பார்த்தோம். கிட்டப் போவோம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன்.

அந்த உண்மை இப்போது அவருக்கு மறந்துவிட்டது. படிக்கட்டில் நான் சொன்னது மட்டும் நிற்கிறது. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். முதலில் நான், எங்களுக்குக் கல்யாணம் முடிந்து பத்தொன்பது வருடம், இதோ பாருங்கள் மகள், என்று விளக்கினேன். அவர் பயந்து போனார். பெரிய தவறு ஒன்று செய்துவிட்டவர் மாதிரி, அப்படியென்றால் உன் அப்பாவிடம் கேட்காமலேயா செய்தோம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

அடுத்த தடவை, அப்பா ஓம் சொல்லிவிட்டார் என்றேன்.

சப்பாத்து போடும் இடத்தில் அப்படியே குந்திவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு, என்ன சொன்னார், அப்படியே சொல்லு, என்றார். நான் சொன்னேன். உங்களை இருக்கச் சொன்னார், தேத்தண்ணி குடித்தாரா என்று கேட்டார், பிள்ளையைக் கவனமாகப் பார் என்றார், என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அன்றிலிருந்து எத்தனை தடவை உங்களைச் சம்மதிக்க வைத்துவிட்டேன் என்று எண்ணிக்கையே இல்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் வாயில் வார்த்தை வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் ஹரிஷா பின்னால் நின்று கேட்டுவிட்டு, “அப்பப்பாவோ அம்மப்பாவோ அம்மா, இவ்வளவு நல்லவர்?” என்று கேட்டாள். அம்மப்பா என்றேன்.

ஆனால் போன கிழமை அவர் ஒன்று கேட்டார். ஏன் அவர் என்னோடு கதைக்கவில்லை, உன்னிடம் மட்டும்தானே சொல்கிறார், என்றார். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது, அப்பா.

உங்களை இங்கே வரச் சொல்லிக் கேட்கவில்லை. வயதும் குளிரும் எனக்குத் தெரியும். முப்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, உங்கள் நேரம் பின்னேரம் இரண்டரைக்கு அம்மாவின் போனுக்கு எடுப்பேன். வழமையாக நான் எடுத்தால் நீங்கள் எழும்பி வெளியே போகும் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்கும். அன்றைக்கு ஒருநாள் போகாமல் இருங்கள். அவர் அந்த வசனத்தைத் தமிழில் சொல்வார். அது இன்னும் அவருக்குப் போகவில்லை. நீங்கள் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

அதற்குப் பிறகு என்ன நடக்குமோ என்று யோசிக்க வேண்டாம். பொழுதுபடுவதற்குள் அவர் அதை மறந்துவிடுவார். நீங்கள் சொன்னீர்கள் என்று அவர் ஒருநாளும் உங்களிடம் வந்து நிற்கமாட்டார்.

நான் மட்டும் மறக்கமாட்டேன்.

சொட்டு மருந்தைக் கவனியுங்கள். வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இறங்க வேண்டாம். அம்மாவுக்கும் உங்களுக்கும் நல்ல சுகம் கிடைக்க நல்லூரானை வேண்டிக்கொண்டிருக்கும்,

உங்கள் மகள்,
பிரபாலினி