உள்ளறை விரிசல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் மாமாவும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நேற்று சாவி கைக்கு வந்தது. பூட்டைத் திறக்கத்தான் அரை மணி நேரம் ஆனது. எண்ணெய் விட்டு, கெஞ்சி, கடைசியில் ஓர் உதை. உன் தங்கை சொந்த வீட்டுக்குள் உதைத்துக்கொண்டுதான் நுழைந்தாள்!

ஒரு முன்னறை, ஓர் உள்ளறை, இரண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்கிற சமையலறை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டதற்கு இதுதான் பலன். சிரிக்காதே, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

மிச்சமிருக்கும் சேமிப்பு ஒரே ஒரு வேலைக்குத்தான் வரும். எனக்கு டைல்ஸ் போட ஆசை, இப்போதுள்ள தரை கால் வைத்தால் மாவாக உதிர்கிறது. ஆனால் உள்ளறைக் கூரையில் தட்டு அகலத்துக்கு ஈரமும் நடுவே ஒரு விரிசலும் இருக்கிறது. போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன். மாமா கொத்தனார் ஆயிற்றே, ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். எதை முதலில் செய்யட்டும் என்று கேட்டு எழுது. கட்டில் அந்த அறையில்தான் கொள்ளும்.

உன்,
குட்டி

மார்ச் 16

அன்புள்ள குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். யார் கண்ணும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள். ஒண்டிக்கட்டைக்கு எதற்கு இத்தனை பாடு என்று நான் நினைத்ததுண்டு. உனக்கென்ன, வாங்குகிற சம்பளம் அப்படியே பெட்டிக்குப் போகிறது. இங்கே வீட்டுக்காரர் இந்த மாதமும் வாடகையை ஏற்றிவிட்டார். தண்ணீர் மட்டும்தான் மாடிக்கு ஏறுவதில்லை.

மாமா போட்டோவைப் பார்த்தார். பழைய வீடு என்றால் அப்படித்தான் இருக்குமாம். மேலே ஒரு பூச்சுப் பூசி வெள்ளையடித்தால் போதுமாம். ஆசைப்பட்டபடி தரையைப் போட்டுக்கொள்.

வேலை அதிகம் என்பதால் இப்போது வர முடியாது. ஊரான் வீட்டுக்கெல்லாம் சுவர் எழுப்புகிறவருக்கு நேரம் ஏது?

அன்புடன்,
அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

தரை முடிந்துவிட்டது! கடைகளில் விற்று மிஞ்சிய டைல்ஸ், ஆறு கடை ஏறி இறங்கிப் பொறுக்கினேன். நிறம் ஒன்றோடொன்று சேராது. பச்சை, சாம்பல், ஒரு வரிசை மட்டும் மஞ்சள். பதிக்கிற கூலி மிச்சப்படட்டும் என்று நானே வேலை முடிந்து வந்து பதித்தேன். முதல் வரிசை பாம்பு போல வளைந்துவிட்டது. பெயர்த்து மறுபடி போட்டேன். முட்டி இரண்டும் வீங்கியிருக்கிறது. ஆனால் சலவைக்கூடத்தில் வேலை செய்கிற நாலு பெண்கள் வந்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள் அக்கா. என் தரைக்காகக் கழற்றினார்கள்!

இடித்த பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு ஜன்னல் மலிவாகக் கிடைத்தது. உள்ளறையில் மட்டும் ஒரு வாடை. பூசி வெள்ளையடித்த இடத்தில் ஈரம் மறுபடி பூக்கிறது. மாமாதான் ஒன்றுமில்லை என்றாரே என்று விட்டுவிட்டேன்.

நீ ஏன் இன்னும் வரவில்லை? வாசல்படியில் உட்கார்ந்து பேச ஆள் இல்லை. எனக்கு உன்மேல் மனத்தாங்கல்தான்.

உன்,
குட்டி

ஜூன் 2

குட்டிக்கு,

உன் கடிதத்தில் தரை போட்ட கதையை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாத்தியா, எலி வளையானாலும் தனி வளை. உன் தங்கச்சி சாமர்த்தியம் யாருக்கு வரும்?" என்றார். சாப்பிடும்போது ஒரு தடவை, கை கழுவும்போது ஒரு தடவை. நான் பதினெட்டு வருஷமாக அவர் சம்பளத்தை இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்துகிறேன். அது சாமர்த்தியத்தில் சேராது போலிருக்கிறது.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வீடு வாங்கினவர்களுக்கு அதைப் பற்றி மட்டும்தான் பேச்சு வரும். மற்றவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. முடிந்தபோது வருகிறேன்.

அக்கா

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்து என்னுடையதல்ல. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கை அம்மாவின் மகள் எழுதுகிறாள். பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை.

நாலு நாள் விடாமல் மழை. செவ்வாய்க்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து வந்து, மறுநாள் காலை பத்து மணிக்கு உள்ளறையில் படுத்திருந்தேன். கூரை பாளம் பாளமாகப் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. இடது தோள் எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது. தலை தப்பியது, புரண்டு படுத்திருந்ததால். நான் இஸ்திரி போட்ட விரிப்பிலேயே என்னைப் படுக்க வைத்திருக்கிறார்கள், மடிப்புகூடக் கலையவில்லை.

மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது. கூரை போட இனி கையில் எதுவும் இல்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று. மாமாவிடம் கூரை விழுந்ததைச் சொல்லாதே. ஆஸ்பத்திரி மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன் என்று சொல். தான் சொன்னது தப்பாகிவிட்டதே என்று மனுஷன் உடைந்துபோவார். போட்டோவை வைத்து யாரால்தான் சரியாகச் சொல்ல முடியும்?

உன்,
குட்டி

ஜூலை 15

குட்டி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

மாமா தப்பாகச் சொல்லவில்லை. அன்றைக்குப் போட்டோவைப் பார்த்ததும் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார். "உள்ள கம்பி துருப்பிடிச்சு வீங்கியிருக்கு. அந்த ரூம்ல ஒரு நாள்கூட படுக்கக் கூடாதுன்னு எழுது. தரையெல்லாம் அப்புறம். இரு, நானே ஒரு வாரம் லீவு சொல்லிட்டுப் போயி பிரிச்சுப் போட்டுக் குடுத்துட்டு வரேன்" என்றார். அடுத்த வாரமே கிளம்பத் தயாராக இருந்தார்.

நான்தான் மாற்றி எழுதினேன். அவரிடம், "அவ வேற ஆளு வச்சுப் பாத்துக்கிறாளாம், உங்களை வர வேணாம்னு சொல்லிட்டா" என்றேன்.

உனக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒழுகட்டும் என்று நினைத்தேன். ஒரு மழைக்கு ஒழுகி, வாளி வைத்து, "ஏன்டா வாங்கினோம்" என்று ஒரே ஒரு கடிதம் நீ எழுத வேண்டும் என்று நினைத்தேன். என் புருஷன் வாழ்நாளெல்லாம் வீடு கட்டுகிறவர். எனக்கு ஒரு ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். அவர் முதல் முதலாக நம் குடும்பத்தில் ஒரு வீட்டுக்குக் கொத்துக்கரண்டி எடுக்கிறார் என்றால், அது உன் வீடாக இருக்க வேண்டுமா? வயிறு எரிந்தது குட்டி. உன் மே மாதக் கடிதத்தில் ஈரம் பூக்கிறது என்ற வரியை நான் மட்டும் படித்தேன், அவருக்குக் காட்டவில்லை. அப்போதாவது எழுதியிருக்கலாம். அந்தச் செருப்புக் கழற்றின விஷயத்தைப் படித்தபின் எழுதவில்லை.

இன்று காலை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. சாமான் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நான் அங்க போயி வாயத் தொறக்க மாட்டேன். நீ செஞ்சத நீயே எழுது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுதிவிட்டேன். உன்னிடம் எதையும் கேட்க எனக்கு வாயில்லை.

அக்கா

ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

இப்போது நானே எழுதுகிறேன். வலது கைக்கு ஒன்றுமில்லை, அன்று ஊசி குத்தியிருந்ததால் எழுத முடியவில்லை.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. உன் கடிதம் வந்த அன்று நான் வாசல்படியில் உட்கார்ந்து படித்தேன். அவர் மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தார். நான் படித்து முடிக்கும்வரை சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. அப்புறம் கேட்டது. தளம் போட்டு, தண்ணீர் தேக்கி, ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று காட்டிய பிறகுதான் கிளம்புகிறார். சிமெண்டும் கம்பியும் கூடத்துப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது. மாதாமாதம் கொடுத்துவிடுவேன்.

நீ பொறாமைப்பட்டதற்காக எனக்குக் கோபம் இல்லை. உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், மாமா உனக்கு முதலில் தட்டு வைப்பதைப் பார்த்து நானும் வெந்திருக்கிறேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் ஊர் வருவேன். அதெல்லாம் மனுஷருக்கு இருக்கிறதுதான்.

ஆனால் நான் நாலு மாதம் அந்தக் கூரைக்குக் கீழே தூங்கினேன். நீ அது தெரிந்தே உன் வீட்டில் தூங்கினாய். எப்படித் தூங்கினாய் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. படுக்கும்போதெல்லாம் அதைத்தான் யோசிக்கிறேன்.

மாமா கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வெளி ஆளாக இருந்தால் முன்பணமாகக் கொடுத்திருக்கும் தொகையை, பழைய வளையல் ஒன்றை விற்று, உன் பேர் எழுதி உறையில் போட்டு அவர் பையில் வைத்திருக்கிறேன். செலவு பண்ணாதே. வங்கிக்கு எடுத்துப் போய் உன் பேரில் ஒரு கணக்குத் தொடங்கு. மாதம் கொஞ்சமாகப் போடு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

இதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று வந்து நிற்காதே. இன்னும் என்னால் உன்னை மன்னிக்க முடியவில்லை. முடிகிற அன்று நானே எழுதுகிறேன்.

தங்கை