படுவான்கரைக்கு ஓடிப்போன மனுசன்

தேற்றாத்தீவு
4-10-1937

அன்புள்ள புஸ்பத்தின் அப்பாவுக்கு,

கண்ணகை அம்மன் புண்ணியத்தில் இங்கு எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் இரண்டையும் மணிக்கட்டு இரண்டையும் நான் தனித்தனியாகச் சுகம் விசாரித்ததாகச் சொல்லவும். உங்களைக் கேட்டால் "எனக்கென்ன" என்பீர்கள். அவைதான் உண்மை பேசும்.

மகளுக்குக் கலியாணம் முடித்து, வழக்கப்படி பெரிய வீட்டை அவளுக்குக் கொடுத்து, நாமிருவரும் பின்வளவுச் சின்ன வீட்டுக்கு மாறிப் பானை சட்டிகூட அடுக்கி முடியவில்லை. அதற்குள் வயல் வெள்ளாண்மை வேலை என்று வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய்விட்டீர்கள். விதைக்க இன்னும் மழையே விழவில்லை. வாதக்காரன் மண்வெட்டி தொடக்கூடாது, பாயில் கிடக்கவேண்டும் என்று மருந்து தரும் பரியாரியார் சொன்னதை உங்கள் இரண்டு காதும் கேட்டனவே. அதனால்தானே மண்வெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டேன்.

வீட்டைக் கொடுத்ததில் மனக்கசப்பா? என் அம்மா எனக்குத் தந்தார், நான் மகளுக்குக் கொடுத்தேன். இதில் புதிதாக என்ன இருக்கிறது? "மாமன் எங்கே?" என்று ஊரார் கேட்டால் மருமகன் தங்கராசா கிணற்றடியைப் பார்க்கிறார். அயலில் கதை கிளம்பிவிட்டது. கலியாணம் முடிந்த கையோடு வளவை விட்டுப் போன மாமனாரை இந்த ஊர் கண்டதில்லை.

காத்தான்குடி ஆதம்பாவாக் காக்கா சீலை விற்க உங்கள் கரைக்கு வருகிறார். அவரிடம் மூட்டுக்குப் போடும் எண்ணெய்ப் போத்தல் கொடுத்துவிடுகிறேன். போத்தல் முடியுமுன் வந்து சேருங்கள்.

உங்கள்
சீதேவிப்பிள்ளை


அம்பிளாந்துறை வட்டை
11-10-1937

என் அன்பான சீதேவிப்பிள்ளைக்கு,

எண்ணெயும் ஏச்சும் ஒன்றாகக் கிடைத்தன. இரண்டும் சூடு.

எனக்கு எந்தக் கசப்பும் இல்லை. வட்டையில் வயல் வேலை இருக்கிறது, அதனால் வந்தேன். நீ கேட்டாய் என்பதற்காக மூட்டுகளைப் பற்றியும் எழுதுகிறேன். விடியற்காலையில் விரல்கள் மடங்காது, முழங்கால் மரக்கட்டை. ஆனால் வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்தால் இளகிவிடுகிறது. உன் வீட்டுப் பாயில் கிடந்த நாட்களில் மத்தியானம் ஆகியும் இளகியதில்லை. ஆகவே பரியாரியார் சொன்னது பிழை, வேலைதான் மருந்து. மண்வெட்டியைப் பரணில் போட்டாய், இங்கே வேறு மண்வெட்டி இல்லையா? நேற்று வாய்க்கால் முழுவதையும் நானே வெட்டினேன். வேலைக்கு வந்த இளவட்டங்கள் வாய் பிளந்து நின்றார்கள்.

அறுவடை முடிந்து வருவேன். மகளையும் மருமகனையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு
வினாயகமூர்த்தி


தேற்றாத்தீவு
20-10-1937

புஸ்பத்தின் அப்பாவுக்கு,

அறுவடை மாசியில் என்பது எனக்குத் தெரியாதா? நான் என்ன நேற்றுப் பிறந்தவளா?

ஆதம்பாவாக் காக்கா நேற்று வந்தார். சீலை மூட்டையை இறக்கி வைக்குமுன்பே சொன்னார்: "தங்கச்சி, அவர்ர முழங்கால் பூசணிக்காயப் போல வீங்கிக் கிடக்கு. வேட்டிய முடியக் கையால ஏலாது. சோத்தக் கரண்டியால அள்ளித் தின்றாரு. ஒங்களுக்கிட்டச் சொல்லாம இரிக்கச் சத்தியம் கேட்டாரு, நான் குடுக்கல்ல."

இதுதானா வேலை மருந்து? ஒரு நாள் உடம்பு லேசாக இருந்தால் ஒரு கிழமை வேலையை அன்றைக்கே வெட்டி முடிப்பீர்கள். மறுகிழமை முழுவதும் விழுந்து கிடப்பீர்கள். வாதம் வந்த நாளிலிருந்து இதே கூத்துத்தான். அழுவதா அடிப்பதா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

இதைவிடப் பெரிய விசயம் ஒன்று. தங்கராசா சரியாகச் சாப்பிடுவதில்லை. மகளிடம் சொல்லியிருக்கிறார்: "மாமாவுக்கு என்னப் புடிக்கல்ல புஸ்பம். நான் வந்ததாலதான் அவர் வளவ உட்டுப் போயிட்டார். நான் எங்கட ஊட்டயே போறன், அவர் வரட்டும்." மகள் என் மடியில் விழுந்து அழுகிறாள். மருமகன் வாசற் படலையைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பக் கூட்டிவர யாரால் முடியும்? அவளுடைய வாழ்வை நினைத்து உண்மையைச் சொல்லுங்கள். ஏன் போனீர்கள்?

சீதேவிப்பிள்ளை


அம்பிளாந்துறை வட்டை
26-10-1937

சீதேவிக்கு,

எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பேனையைப் பிடிக்க விரல் இடம் தரவில்லை. நீ எழுதியதை வாசித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

தங்கராசா மேல் எனக்கு என்ன கோபம்? தங்கமான பிள்ளை. கலியாணத்துக்கு அடுத்த நாள் அவருடைய ஆட்கள் வந்திருந்தபோது, நான் தண்ணீர்ச் செம்பைத் தூக்கப் போனேன். நீ ஓடிவந்து பறித்துக்கொண்டு, "அவருக்கு ஏலாது, அவர் படுத்திருக்கட்டும்" என்றாய். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

நானும் அந்த வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தவன்தானே. வந்த மறுநாளே உன் அப்பா பார்க்க வேலி கட்டினேன். பெண் வீட்டுக்கு வந்த ஆண்பிள்ளை தன் கையால் உழைத்தால்தான் அங்கே நிமிர்ந்து நிற்கலாம். வெயில் ஏறிய பிறகும் நான் பாயில் கிடப்பதை மருமகன் தினமும் பார்க்கவேண்டுமா என்று நினைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவ்வளவுதான். அதை அந்தப் பிள்ளை தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இப்போது என்னால் எழும்ப முடியவில்லை. அவரைப் போகவிடாதே. என்ன செய்யவேண்டுமென்று நீ சொல், கேட்கிறேன்.

வினாயகமூர்த்தி


தேற்றாத்தீவு
28-10-1937

அன்புள்ள புஸ்பத்தின் அப்பாவுக்கு,

இதைக் கொண்டுவருபவர் தங்கராசா. நீங்கள் எழுதிய எதையும் நான் அவருக்குச் சொல்லவில்லை. "மாமாவுக்குச் சுகமில்லை, போய்ப் பாருங்கள்" என்றேன். அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தவர்போல் சால்வையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மிச்சத்தை நீங்கள்தான் உங்கள் வாயால் சொல்லவேண்டும்.

சபையில் அப்படிச் சொன்னது என் பிழை. இன்னொன்றும் என் பிழை. பரியாரியாரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "வீக்கமும் சூடும் இரிக்கக்குள்ளதான் படுக்கச் சொன்னன் புள்ள. சூடு ஆறின மறுகா மெல்ல மெல்ல நடக்கவும் சொன்னன். நீ பாதியக் கேட்டுட்டு ஓடிட்டாய்" என்றார். நான் படுக்கச் சொன்ன பாதியைப் பிடித்துக்கொண்டேன், நீங்கள் நடக்கச் சொன்ன பாதியை வேலை என்று பிடித்துக்கொண்டீர்கள். நல்ல சோடிதான் நாம்.

இப்போது வீக்கம் இருக்கிறது. படுங்கள், அவர் பார்க்கவே படுங்கள்.

சீதேவிப்பிள்ளை


அம்பிளாந்துறை வட்டை
15-11-1937

என் சீதேவிக்கு,

மழை விழுந்தது. விதைப்பு முடிந்தது. எனக்கும் நல்ல சுகம். முழுச் சுகம் என்று பொய் எழுதமாட்டேன்.

மருமகன் வயல் வாடிக் குடிசைக்குள் குனிந்து நுழைந்தபோது எழும்பப் பார்த்து அப்படியே சரிந்துவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து இருந்து, கேளாமலே என் முழங்காலுக்கு எண்ணெய் போட்டார். பிறகு தலையைக் குனிந்தபடி, "மாமா, நான் என்ன பிழ செஞ்சன்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார் பார், நான் பயந்துபோனேன். "எங்கட அப்பாவும் இப்பிடித்தான் மாமா, தடிமன் புடிச்சித் தும்மினாலே கொல்லைக்குள்ள போய் ஒளிச்சிருவார்" என்றார்.

அன்றிலிருந்து என் முதலாளி அவர்தான். வீக்கம் இருந்தவரை எழும்ப விடவில்லை. வற்றியதும், "ஒழும்புங்க மாமா, வரம்பில நடப்பம்" என்று விடியவே நிற்கிறார். நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுகிறார். உடம்பு லேசான நாளில்தான் ஆளுக்கு அதிகக் கண்டிப்பு. கை நன்றாக ஓடும் நேரத்தில், "காணும் மாமா, நோக முன்னமே உட்டுருங்க" என்கிறார். கோபம் வருகிறது. ஆனால் மறுநாளும் எழும்ப முடிகிறது, சீதேவி. எத்தனையோ காலத்துக்குப் பிறகு நேற்றும் எழும்பினேன், இன்றும் எழும்பினேன்.

நேற்று மத்தியானம் அவருக்கு முன்னாலேயே நீட்டி நிமிர்ந்து படுத்துக் குறட்டை விட்டேனாம். வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் வருகிறோம். தோணியை அவர்தான் வலிப்பார். நான் சும்மா இருந்து வாவியைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

உன்
வினாயகமூர்த்தி


தேற்றாத்தீவு
17-11-1937

அன்புள்ள புஸ்பத்தின் அப்பாவுக்கு,

மகள் உங்கள் கடிதத்தை வாங்கி வாசித்தாள், சிரித்தாள், பிறகு தலை முழுகிப் பூ வைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் இன்று அடுப்புக்கூட நன்றாக எரிகிறது.

வெள்ளிக்கிழமை துறைக்கு நானும் வருவேன். நீங்கள் தோணியிலிருந்து இறங்கும்போது ஓடிவந்து பிடிக்கமாட்டேன், பயப்படவேண்டாம். பக்கத்தில் நிற்பேன். நோவென்றால் நீங்களாகக் கையை நீட்டுங்கள். ஊரே பார்த்துக்கொண்டு நின்றாலும் நீட்டுங்கள்.

உங்கள்
சீதேவிப்பிள்ளை